பிளாக்செயினில் பழைய பதிவை மாற்றவே முடியாதா?

குமரன்:
பதிவுகளைப் பிளாக் பிளாக்காகக் கட்டிச் சங்கிலி போலக் கோப்பதுதான் பிளாக்செயின்; ஒவ்வொரு பிளாக்கிலும் முந்தைய பிளாக்கின் ஹாஷ், அதாவது அதில் உள்ளதை வைத்துக் கணக்கிட்ட கைரேகை போன்ற எண், இருக்கும். இதைப் பற்றி எங்கே படித்தாலும் "ஒரு பிளாக்கைத் திருத்தினால் அதன் ஹாஷ் மாறிவிடும், அடுத்த பிளாக்கோடு பொருந்தாது, அதனால் மாற்ற முடியாது" என்று முடித்துவிடுகிறார்கள். ஹாஷ் போடுவது கணினிக்கு நொடிப்பொழுது வேலைதானே? பழைய பிளாக்கைத் திருத்திவிட்டு, அதற்கப்புறம் இருக்கிற எல்லாவற்றுக்கும் புதிதாக ஹாஷ் போட்டு அடுக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கு நிரல் எழுதத் தெரியாது, புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

செங்கதிர்:
ஹாஷ் மட்டும்தான் காவல் என்றால் நீங்கள் சொல்வது போலவே செய்துவிடலாம். பலர் இதைச் சொல்லாமல் விடுவதால்தான் குழப்பமே வருகிறது.

பிளாக்செயினில் ஓடும் டிஜிட்டல் பணமான பிட்காயினில் ஏதோ ஒரு ஹாஷ் வந்தால் போதாது, அது ஒரு வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது முன்னால் வரிசையாக நிறைய பூஜ்யங்கள் வர வேண்டும். அதற்காகவே பிளாக்கில் நான்ஸ் என்று ஓர் எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். எந்த எண்ணைப் போட்டால் சரியாக வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழியே கிடையாது, 0, 1, 2 என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். சுமார் 429 கோடி எண்களும் தீர்ந்துபோனால் பிளாக்கில் வேறு ஏதாவது விவரத்தை மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து. இதுதான் மைனிங். உலகம் முழுக்க உள்ள இயந்திரங்கள் போட்டி போட்டும் ஒரு பிளாக்குக்குச் சராசரியாக 10 நிமிடம் ஆகிறது. இயந்திரங்கள் கூடினால் 2016 பிளாக்குக்கு ஒருமுறை வரம்பும் தானாக இறுகிவிடும். ஆனால் கிடைத்த விடையைச் சரிபார்க்க ஒரே ஒரு கணக்கு போதும், அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இப்போது 100 பிளாக்குக்கு முந்தைய பதிவைத் திருத்துகிறீர்கள் என்று வையுங்கள். அந்த வேலை முழுவதையும் நீங்கள் தனியாகத் திரும்பச் செய்ய வேண்டும், அதற்குள் மற்றவர்கள் மேலே மேலே அடுக்கிக்கொண்டே போவார்கள். அதிக உழைப்பு எந்தச் சங்கிலியில் இருக்கிறதோ அதைத்தான் எல்லாக் கணினிகளும் ஏற்கும். மைனிங் செய்யும் மொத்தக் கணினித் திறனில் பாதிக்கு மேல் உங்கள் கையில் இல்லாமல் எட்டிப்பிடிப்பது நடக்காத காரியம்.

மாலதி:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பாதிக்கு மேல் திறன் இருந்தாலும் அடுத்தவர் பணத்தை எடுக்க முடியாது, அதற்கு அவருடைய ரகசியச் சாவியால் போட்ட கையொப்பம் வேண்டும். தான் கொடுத்த பணத்தையே கொடுக்காதது போல் ஆக்கி இன்னொரு முறை செலவழிக்கலாம். எத்திரியம் கிளாசிக் என்ற இன்னொரு பிளாக்செயினில் 2020இல் இப்படி நடந்தது, அங்கே மைனிங் திறன் குறைவு. பெரிய தொகை என்றால் மேலே 6 பிளாக் ஏறும்வரை பொறுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

குமரன்:
ஓ, அப்படியென்றால் பாதுகாப்பு செலவில் இருக்கிறது! எத்திரியம் என்ற பிளாக்செயினில் மைனிங்கே இல்லை என்கிறார்களே, அங்கே?

மாலதி:
2022 செப்டம்பரில் மைனிங்கை விட்டுவிட்டார்கள். இப்போது பிளாக்குகளைச் சரிபார்ப்பவர்கள் குறைந்தது 32 ஈதரை (எத்திரியத்தின் நாணயம்) பிணையாக வைக்கிறார்கள். சங்கிலியில் ஒரே இடத்துக்கு இரண்டு வெவ்வேறு பிளாக்குகளில் கையெழுத்துப் போட்டு மாட்டினால் பிணையில் ஒரு பங்கு பறிபோகும், ஆளும் வெளியேற்றப்படுவார்.

செங்கதிர்:
குமரன், உங்கள் சந்தேகத்தை வேறோர் இடத்தில் அவசியம் வைத்துக்கொள்ளுங்கள். "எங்கள் தரவு பிளாக்செயினில் இருக்கிறது" என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதன் கணினிகள் யார் யார் கையில் என்று கேளுங்கள். எல்லாமே அவர்களிடம்தான், மைனிங்கும் இல்லை, வெளியே யாரிடமும் நகல் இல்லை என்றால், நீங்கள் முதலில் சொன்னபடி மொத்தத்தையும் திருத்தி அடுக்கிவிடலாம், யாருக்கும் தெரியாது.