மறுமை உண்டா என்று தெரியாமலேயே மரணத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி

ஐம்பது வயதைக் கடந்தவன் நான். குணப்படுத்த முடியாத, ஆனால் மெதுவாகவே முற்றக்கூடிய நோய் ஒன்று எனக்கு இருப்பது கடந்த ஆண்டு தெரியவந்தது. மருத்துவர்கள் இன்னும் ஆண்டுக்கணக்கில்தான் பேசுகிறார்கள். நானும் வழக்கம்போல் வேலைக்குப் போய் வருகிறேன். பகலில் தொந்தரவு எதுவும் இல்லை. இரவில் விளக்கை அணைத்த பிறகுதான், நான் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று நினைக்கத் தொடங்குகிறேன். நினைத்துப் பார்ப்பதற்கும் நான் இருந்தாக வேண்டியிருப்பதால் அந்த எண்ணம் எங்கும் போய்ச் சேராமல் சுற்றிச் சுற்றி வருகிறது. தூக்கம் கலைந்ததுதான் மிச்சம்.

சிறுவயதில் ஊட்டப்பட்ட நம்பிக்கை பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. மீதியை உதறித் தள்ளவும் மனம் வரவில்லை. நம்பிக்கையுள்ள நண்பர்கள், ஆன்மாவுக்கு அழிவில்லை, கவலைப்படாதே என்கிறார்கள். நம்பாதவர்களோ, பிறப்பதற்கு முன்பு இல்லாமல்தானே இருந்தாய், அப்போது என்ன துன்பப்பட்டாய் என்று கேட்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்கு ஆறுதல் தரவில்லை. மறுமையைப் பற்றி முதலில் ஒரு முடிவுக்கு வந்தால்தான் மரணத்தை ஏற்றுக்கொள்ள முடியுமா, அல்லது அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டும் அமைதி அடைய வழி இருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

உங்கள் நண்பர்கள் சொல்லும் இரண்டாவது வாதம் மிகப் பழையது. நாம் இருக்கும் வரை மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை, ஆகவே அது நம்மைத் தொடும் பொருளே அன்று என்பது கிரேக்க அறிஞர் எபிக்கூரஸின் கருத்து. அவரைப் பின்பற்றிய உரோமானியக் கவிஞர் லுக்ரீசியஸ்தான் பிறப்புக்கு முந்தைய காலத்தையும் இறப்புக்குப் பிந்தைய காலத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, ஒன்றுக்கு அஞ்சாத நாம் மற்றொன்றுக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்டார். தருக்கமாகப் பார்த்தால் இதில் குறை காண்பது கடினம். ஆனாலும் கேட்பவரின் அச்சம் அப்படியே இருப்பதற்குக் காரணம் உண்டு. 1970இல் அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நாகெல் அதை எடுத்துரைத்தார். மரணம் தீயதாக இருக்க அது வலிக்க வேண்டிய தேவையில்லை. உயிரோடு இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியவற்றை அது பறிக்கிறது, அதுவே போதும் என்றார். பிறக்கும் முன் உங்களிடமிருந்து பறிப்பதற்கு ஒன்றும் இல்லை. இப்போது நிறைய இருக்கிறது. ஆகவே உங்கள் கலக்கத்தை அறியாமை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

நீங்கள் மரண பயம் என்று ஒரே பெயரில் அழைப்பதற்குள் குறைந்தது மூன்று அச்சங்கள் இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்: சாகும்போது படவேண்டிய துன்பத்தைப் பற்றியது, இல்லாமல் போவதைப் பற்றியது, விட்டுச் செல்பவர்களைப் பற்றியது. மறுமை உண்டு என்று நாளைக்கே நிரூபணமானாலும் முதல் அச்சம் குறையாது. மூன்றாவது ஓரளவே குறையும். நடு அச்சத்துக்கு மட்டுமே மறுமை நேரடியான விடை. எனவே அந்தக் கேள்வியைத் தீர்த்தால்தான் மற்றதெல்லாம் என்று வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. புத்தரிடம், முழுமையாக விழிப்புற்றவர் இறந்தபின் இருக்கிறாரா இல்லையா என்று கேட்கப்பட்டபோது, துன்பம் தீர்வதற்கு அந்த விடை உதவாது என்று சொல்லி அவர் பதிலளிக்க மறுத்ததாகப் பாலி மொழியிலுள்ள பழைய பௌத்த நூல்கள் கூறுகின்றன. மறுபிறப்பைத் தம் போதனையின் பகுதியாகக் கொண்டிருந்தவரே இப்படி ஒரு கேள்வியைத் திறந்தபடியே விட்டுவைத்தார் என்பதுதான் என்னை ஈர்க்கிறது.

மறுமொழி 2

குணமாக வாய்ப்பில்லாத நோயாளிகளுக்கான வலிநிவாரணப் பிரிவில் நான் நெடுங்காலமாகச் செவிலியாகப் பணியாற்றி வருகிறேன். மேலே சொல்லப்பட்ட மூன்று அச்சங்களுள் முதலாவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் எல்லோரும் குறைவாகப் பேசுகிறார்கள்.

நோய் முற்றிய நிலையில் பெரும்பாலான மரணங்கள் திரைப்படங்களில் காண்பதுபோல் நிகழ்வதில்லை. கடைசி வாரங்களில் தூக்கம் நீண்டுகொண்டே போகும். பசியும் தாகமும் குறையும். சாப்பிடாததால் சாகிறார் என்று வீட்டார் பதறுவார்கள், உண்மையில் உடல் அடங்கிக்கொண்டிருப்பதால்தான் உணவைக் கேட்பதில்லை. கடைசி நாட்களில் கை கால்கள் குளிர்ந்து, முழங்காலைச் சுற்றித் தோல் நிறம் மாறித் திட்டுத்திட்டாகத் தெரியும். மூச்சு ஆழமாகி, மெலிந்து, சற்று நேரம் நின்று, மீண்டும் தொடங்கும். தொண்டையில் எச்சில் தேங்கிக் கரகரவென்று ஒலி வருவதும் உண்டு. அருகில் இருப்பவர்களை அது உலுக்கிவிடும், ஆனால் அந்த நேரத்தில் நோயாளி பெரும்பாலும் நினைவின்றி இருப்பார். எல்லா மரணமும் இப்படி எளிதாக அமையும் என்று நான் வாக்குறுதி தர மாட்டேன். ஆயினும் வலி, மூச்சுத்திணறல், மனக்கலக்கம் ஆகியவற்றுக்கு மருந்துகள் உள்ளன. 1967இல் ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் இலண்டனில் இறுதிக்கட்ட நோயாளிகளுக்கான புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியபோது, உடல், மனம், உறவு, ஆன்மிகம் ஆகிய எல்லாப் பக்கத்து வலியையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தார். இன்றும் எங்கள் பணி அதைச் சார்ந்தே நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மரணத்தை எதிர்கொள்பவர்கள் கடக்கும் நிலைகளாக மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் விவரித்த ஐந்தையும் பலர் தேர்வுக்கான பாடத்திட்டம்போல் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவர்கள் காலையில் ஏற்றுக்கொண்டு மாலையில் சண்டை போட்டார்கள். உறுதியான பக்தியுள்ளவர்கள் அனைவரும் அமைதியாகப் போனார்கள் என்றோ, நம்பிக்கையற்றவர்கள் அனைவரும் நடுங்கினார்கள் என்றோ என்னால் சொல்ல முடியாது. வலி கட்டுக்குள் இருந்தவர்களிடமும், யாரிடமும் சொல்ல வேண்டியதை மிச்சம் வைக்காதவர்களிடமும் அமைதியை அதிகம் கண்டிருக்கிறேன்.

மறுமொழி 3

அறிவியல் ஏதாவது சொல்கிறதா என்று அடுத்து நீங்களே தேடத் தொடங்குவீர்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். இதயம் நின்று மீண்டவர்களுள் சிலர் ஒளியைக் கண்டதாகவும், உடலைவிட்டு வெளியே மிதந்ததாகவும் சொல்வது உண்மை. நெதர்லாந்தில் 344 நோயாளிகளிடம் நடத்தி 2001இல் வெளியான ஆய்வில் 62 பேர், அதாவது 18 விழுக்காட்டினர், இத்தகைய அனுபவத்தைக் கூறினர். 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு ஒரு படி மேலே போய், மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி மருத்துவமனை அறைகளின் உயரமான பலகைகளில் படங்களை வைத்துச் சோதித்தது. நினைவோடு மேலிருந்து கண்டதாகச் சொன்ன இருவருக்கும் இதயம் நின்றது அத்தகைய பலகைகள் இல்லாத இடங்களில் என்பதால் சோதனை எந்தப் பக்கமும் முடிவு தரவில்லை.

அனுபவம் உண்மையானது என்பதிலிருந்து அதன் விளக்கமும் உண்மையானது என்று தாவிவிடக் கூடாது. அவர்கள் அனைவரும் திரும்பி வந்தவர்கள். மரணத்தின் விளிம்பைப் பற்றித்தான் அவர்களால் சாட்சி சொல்ல முடியும். எனக்கு மறுமையில் நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த ஆய்வுகளைக் காட்டி மறுமை இல்லை என்று நிறுவிவிட்டதாகச் சொல்பவர்களும் அளவுக்கு மீறித்தான் பேசுகிறார்கள்.

மறுமொழி 4

நான் நம்புகிறவன். இந்த இழையில் மறுமையை ஆறுதல் மாத்திரையாக மட்டுமே எல்லோரும் பேசுவதால் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். என் நம்பிக்கை எனக்கு எப்போதும் நிம்மதி தருவதில்லை; செய்தவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற எண்ணம் சில இரவுகளில் உங்கள் வெறுமையைவிடக் கனமாகவே இருக்கிறது. உறங்குவது போன்றது சாக்காடு, உறங்கி விழிப்பது போன்றது பிறப்பு என்ற குறளை ஆறுதலுக்காக எடுத்துச் சொல்வார்கள். அது நிலையாமை என்ற அதிகாரத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். விழிப்பு உண்டு என்பதே நிம்மதிக்குப் போதுமானதாக இருந்தால் அதைத் துறவறவியலில் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களிடம் மிஞ்சியிருக்கும் பாதி நம்பிக்கையைப் பயத்தைப் போக்கும் கருவியாக்கி முழுமையாக்க முயலாதீர்கள். அப்படிச் சேர்த்துக்கொண்ட நம்பிக்கை நெருக்கடியில் நிற்காது. உண்மை என்று தோன்றினால் நம்புங்கள், இல்லையென்றால் பாதியாகவே இருக்கட்டும்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. மூன்று அச்சங்களையும் தனித்தனியே எடுத்து எழுதிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. இல்லாமல் போவது என்று நான் நினைத்து விழித்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு என் தம்பியைப் பற்றியது. அவன் தனியாக வாழ இயலாதவன். எனக்குப் பின் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை. என் நோயைப் பற்றியும் அவனிடம் சொல்லவில்லை. செவிலியாக இருக்கும் சகோதரியிடம் கேட்கிறேன்: அவனுக்கு இப்போதே சொல்லலாமா, அல்லது நோய் முற்றும் வரை பொறுக்கலாமா?

மறுமொழி 2ஐ எழுதியவர்

இப்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போது கேட்டால், அவர் பயந்தாலும் மறுநாள் காலையில் நீங்கள் எழுந்து வேலைக்குப் போவதைப் பார்ப்பார். அவருக்குப் புரியும் எளிய சொற்களில், ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் சொல்லுங்கள்; அவர் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அதே பதிலைத் திரும்பச் சொல்லுங்கள். அதற்கு முன்பாக, அவரைப் பொறுப்பேற்கக்கூடியவர் என்று நீங்கள் மனத்தில் வைத்திருப்பவரிடம் பேசி, அவர் சம்மதித்தால் அதைச் சட்டப்படி எழுதிவைக்க வழக்கறிஞரைப் பாருங்கள். உங்களால் பேச இயலாத நிலை வந்தால் உங்கள் சிகிச்சை பற்றி யார் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் அதே சந்திப்பில் எழுதிவிடலாம். எனக்குப் பின் உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு ஒரு பெயர் இருக்கும்போது தம்பியிடம் பேசுவது உங்களுக்கும் எளிதாக இருக்கும்.