டிரான்ஸ்பாண்டர்: ‘விடைச்சில்லு’ வேண்டாம், ‘விடைமணி’ என்போமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கார் சாவிக்குள் இருந்துகொண்டு, ‘இது இந்த வண்டியின் சாவிதான்’ என்று வண்டிக்கு அடையாளம் சொல்லும் சின்னப் பொருள் டிரான்ஸ்பாண்டர். அதற்குத் தமிழில் ‘விடைச்சில்லு’ என்று இந்த இழையில் வந்த பரிந்துரையைப் பார்த்தேன். ‘விடை’ எனக்கு முழுச் சம்மதம். ‘சிப்’ என்ற பொருளில் வரும் ‘சில்லு’தான் இடிக்கிறது.

போன மாதம் திருச்சியில் என் கார் சாவி தொலைந்துபோனது. வண்டி நின்ற இடத்துக்கே சாவிக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். ஆர்.சி.யைப் பார்த்த பிறகுதான் கதவில் கை வைத்தார். திறந்தார், புதுச் சாவி வெட்டிப் போட்டுத் திருப்பினார். எஞ்சின் ஒரு நொடி உறுமிவிட்டு அணைந்தது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு விட்டு விட்டு எரிந்தது. “பல்லு சரியா இருக்கு சார், வண்டிக்குத்தான் இன்னும் அடையாளம் தெரியல” என்றார்.

அப்புறம் சாவித் தலைக்குள் வைக்கப்போகும் பொருளை உள்ளங்கையில் காட்டினார். இரண்டு அரிசியை நீளவாக்கில் ஒட்டிவைத்தது போல ஒரு கண்ணாடிக் குழல். அதற்கு பேட்டரி கிடையாது. சாவித்துளையைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளிலிருந்தே மின்சாரம் வாங்கிக்கொண்டு, வண்டி கேட்டதும் விடை சொல்கிறது. விடை பொருந்தவில்லை என்றால் எஞ்சின் ஓடாது.

ஈழத்து வழக்கில் சில்லு என்றால் சக்கரம். காரைப் பற்றிய கட்டுரையில் ‘விடைச்சில்லு’ என்று படிக்கும் யாழ்ப்பாணத்து வாசகருக்கு டயர்தான் கண்முன் வரும். அவர்கள் சாவியையே ‘திறப்பு’ என்பார்கள். ‘மணி’ என்றால் இரு கரைக்கும் பொது: நெல்மணி, பாசிமணி. பொருளும் மணியளவுதான். சில வண்டிகளில் கண்ணாடிக்குப் பதில் சின்னக் கறுப்புக் கட்டியாக வரும், அதற்கும் பொருந்தும். சுற்றுப்பலகையோடு (சர்க்யூட் போர்டு) ஒட்டிவரும் ரிமோட் சாவிகளுக்கும் இதே பெயர் இருக்கட்டும், வேலை ஒன்றுதானே.

இன்னொன்று. புதுச் சாவியை வண்டிக்குப் பழக்குவதை ‘நிரலாக்கம்’ (புரோகிராமிங்) என்று எழுதுவது தவறு. அங்கே யாரும் நிரல் எழுதவில்லை. சாவியின் அடையாளம் வண்டியின் நினைவகத்தில் ஏறுகிறது. ‘சாவிப் பதிவு’ போதும். அப்படிச் சொன்னால் ‘பதிவுநீக்கம்’ தானாகவே கிடைத்துவிடும். அந்தச் சொல் மிகவும் தேவை. தொலைந்த சாவியின் பதிவை நீக்காவிட்டால், அதைக் கண்டெடுத்தவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகலாம்.

அன்று அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை; சாவிக்காரர் தாமாகவே நீக்கிக் கொடுத்தார். காரின் கையேட்டில் ‘பதிவுநீக்கம்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் நானே கேட்டிருப்பேன்.