5டி மார்க் 4-லிருந்து ஆர்6 மார்க் 2: கல்யாண வேலைக்கு இப்போது மாறலாமா?

குடந்தை_க்ளிக்

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் கல்யாண வேலை செய்கிறேன், பெரும்பாலும் கேண்டிட், அதாவது போஸ் கொடுக்க வைக்காமல் இயல்பாக எடுப்பது. கையில் இரண்டு கேனன் 5டி மார்க் 4 இருக்கின்றன, உள்ளே கண்ணாடி (மிரர்) வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமரா. லென்ஸ் எல்லாம் பழைய இ.எஃப். மவுண்ட்: 24-70, 70-200 இரண்டும் எஃப்/2.8; அப்புறம் 35, 85 இரண்டும் எஃப்/1.4 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும், கூர்மையாக விழும் ஆழம் குறையும்). ஒரு பாடியின் ஷட்டர் கவுண்ட் (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) ஒன்றரை லட்சத்தை நெருங்கிவிட்டது. அந்த ஷட்டருக்குக் கேனன் சொல்லும் ஆயுளே அவ்வளவுதான். ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

எனக்குத் தெரியும் வழிகள் இரண்டு. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவான ஆர்6 மார்க் 2 புதிதாக ஒன்று வாங்கி, அடாப்டர் போட்டு இதே லென்ஸ்களை ஓட்டுவது. இல்லையென்றால் பழைய பாடிக்கு ஷட்டர் மாற்றிவிட்டு, மீதிப் பணத்தில் நல்ல ஃபிளாஷ் வாங்குவது. முதல் வழிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகிறது, பாதிக்கு இ.எம்.ஐ. போட வேண்டும்.

மிரர்லெஸ் இருக்கிறதா என்று எந்தப் பெண் வீட்டாரும் இதுவரை கேட்டதில்லை. ஆனால் மற்றவர்கள் எஃப்/1.4-ல் முகத்தை ஃபிரேமின் ஓரத்தில் வைத்துக் கண்ணிமை வரை கூர்மையாக எடுக்கிறார்கள். அப்படி எடுக்கவே எனக்கும் ஆசை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ரீல்

தம்பி, ஷட்டரை மாற்றிக்கொண்டு வேலையைப் பாருங்கள். 5டி மார்க் 4 வந்தது 2016-ல். அதன் சென்சார் 30.4 மெகாபிக்சல். நீங்கள் வாங்க நினைப்பது 24.2. இரண்டு லட்சம் கொடுத்து பிக்சலைக் குறைத்துக்கொள்ளப் போகிறீர்கள்.

இருட்டில் நன்றாக எடுக்கும் என்பார்கள். நம் ஊர் மேடையில் இருட்டு எங்கே இருக்கிறது? வீடியோக்காரர் இரண்டு பக்கமும் எல்.இ.டி. பேனல் நிறுத்தியிருப்பார். ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600-ஐத் தாண்டும் தேவையே அபூர்வம். சத்தமில்லாத ஷட்டர் என்பார்கள். கெட்டிமேளம் முழங்கும்போது ஷட்டர் சத்தம் யார் காதில் விழும்?

பேட்டரியையும் பாருங்கள். 5டி மார்க் 4-க்கு ஒரு சார்ஜில் 900 படம் என்று கணக்கு, நாம் எடுக்கும் வேகத்துக்கு அதைவிட அதிகமாகவே வரும். மிரர்லெஸ்ஸில் திரை எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. காலை நாலு மணிக்கு மண்டபத்துக்குப் போய் வரவேற்பு முடிந்து கிளம்புகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நல்ல படம் வெளிச்சத்தில் இருக்கிறது. அந்தப் பணத்தை வெளிச்சத்தில் போடுங்கள்.

வைகைக்கரை

பழைய_ரீல் அண்ணன் சொல்வதில் பேட்டரி விஷயம் சரி, கூடுதலாக இரண்டு வாங்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தம்பி கேட்டது இருட்டைப் பற்றியே இல்லையே, ஃபோகஸைப் பற்றி.

5டி மார்க் 4-ல் 61 ஃபோகஸ் புள்ளிகள். அத்தனையும் ஃபிரேமின் நடுப்பகுதியில் குவிந்து கிடக்கின்றன. முகத்தை ஓரத்தில் வைக்க வேண்டும் என்றால் நடுவில் ஃபோகஸ் பிடித்துவிட்டு கேமராவை நகர்த்த வேண்டும். 85 எஃப்/1.4-ல் கிட்டத்தில் நின்று அப்படி நகர்த்தினால் கூர்மை கண்ணை விட்டுக் காதுக்குப் போய்விடும். அதற்குப் பயந்துதான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களில் பலர் எஃப்/2.8-க்குக் கீழே இறங்குவதே இல்லை. காசு கொடுத்து எஃப்/1.4 லென்ஸ் வாங்கி எஃப்/2.8-ல் ஓட்டுவதில் என்ன லாபம்?

ஆர்6 மார்க் 2-ல் ஃபிரேமின் விளிம்பு வரை கண்ணைத் தேடிப் பிடிக்கும். ஃபோகஸை சென்சாரே நேரடியாகப் பார்த்துப் பிடிப்பதால், ஒவ்வொரு லென்ஸுக்கும் முன்னே பின்னே திருத்தம் வைக்கும் வேலை கிடையாது. டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் பார்ப்பது தனி சென்சார், படம் விழுவது வேறு சென்சார். இரண்டுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம் வந்தாலும் எஃப்/1.4-ல் அது தெரியும்.

கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனும் பாடிக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் 35-ல் அது கிடையாது. மாடத்து விளக்கு வெளிச்சத்தில் மணப்பெண் அலங்காரம் செய்துகொள்கிற இடத்தில் 1/30 நொடியில் கையில் பிடித்து எடுக்கலாம். அந்த அறைக்கு வீடியோ லைட் வருவதில்லை.

பழைய_ரீல்

கண்ணைப் பிடிக்கும், சரி. யாருடைய கண்ணை?

மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுகிறார். மற்ற இரண்டு முடிச்சை நாத்தனார் பின்னால் நின்று போடுகிறார். அந்த நேரத்தில் ஃபிரேமுக்குள் ஏழெட்டு முகம். மாமா குனிகிறார், யாரோ குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள், அட்சதை பறக்கிறது, ஹோமப் புகை வேறு. பெண்ணோ தலையைக் குனிந்திருக்கிறாள், கண்ணே தெரியாது. அப்போது உங்கள் மெஷின் நாத்தனார் முகத்துக்குத் தாவிவிட்டால்? என் ஒற்றைப் புள்ளி நான் வைத்த இடத்தில்தான் நிற்கும். அந்தத் தருணம் திரும்ப வராது.

வைகைக்கரை

அண்ணா, ஒற்றைப் புள்ளியை அதிலும் வைக்கலாம். ஒரு பட்டனுக்கு ஒற்றைப் புள்ளி, இன்னொரு பட்டனுக்குக் கண் தேடல். தாலி கட்டும்போது முதலாவது, மாலை மாற்றும்போது இரண்டாவது. கட்டை விரலை மாற்றினால் போதும். அந்தப் புள்ளியையும் ஓரம் வரை கொண்டுபோகலாம், அது உங்கள் பாடியில் முடியாது.

ஏழெட்டு முகத்தில் தாவும் என்பது உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் ஆர்5 மார்க் 2-ல் மணமக்கள் முகத்தை முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதி கொடுத்தார்கள். பதிந்த முகம் கூட்டத்தில் இருந்தால் அதற்கே முன்னுரிமை. ஆனால் அந்த பாடி இதைவிட விலை மிக அதிகம்.

மேடைவெளிச்சம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேருமே ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். வரவேற்பு மேடைக்குப் பின்னால் இப்போது எல்லா மண்டபத்திலும் எல்.இ.டி. வால், அதாவது பெரிய ஒளித்திரைச் சுவர் நிற்கிறது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் ஆர்6 மார்க் 2-வை வைத்து அதன் முன்னால் எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழும்.

காரணம் எளிது. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கிறது. ஆர்6 மார்க் 2-ல் முழுச் சென்சாரையும் படித்து முடிக்க ஏறத்தாழ 15 மில்லி செகண்ட் ஆகிறது. எல்.இ.டி. அதற்குள் பல முறை அணைந்து எரிந்துவிடும். எரியும்போது படித்த வரிசை வெளிச்சமாகவும், அணையும்போது படித்தது இருட்டாகவும் பதிகிறது. ஆர்5 மார்க் 2-ல் வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார் என்பதால் படிக்கும் நேரம் அதில் பாதிகூட இல்லை. கோடு குறையும், அங்கேயும் முழுக்கப் போகாது.

அதனால் மண்டபத்துக்குள் மெக்கானிக்கல் ஷட்டர் அல்லது முதல் திரை மட்டும் எலக்ட்ரானிக் (தொடங்குவது எலக்ட்ரானிக்காக, முடிவது மெக்கானிக்கலாக) என்று வையுங்கள். அதிலும் ஷட்டர் வேகத்தை ரொம்ப ஏற்றினால் கோடு வரும், அது உங்கள் பழைய கேமராவிலும் வருவதுதான். சாதாரண மண்டப விளக்குக்கு 1/100 பாதுகாப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது.

விளம்பரத்தில் போடும் நொடிக்கு 40 படம் எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டும்தான். மெக்கானிக்கலில் 12. அதுவே 5டி மார்க் 4-ன் 7-ஐ விட அதிகம்.

குடந்தை_க்ளிக்

நல்ல தகவல், நன்றி. ஒரு சந்தேகம். அந்த எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷ் அடிக்குமா?

மேடைவெளிச்சம்

ஆர்6 மார்க் 2-ல் அடிக்காது. மெக்கானிக்கலில் 1/200 வரை, முதல் திரை எலக்ட்ரானிக்கில் 1/250 வரை ஃபிளாஷ் ஒத்துப்போகும். ஆர்5 மார்க் 2-ல் எலக்ட்ரானிக்கிலும் 1/160 வரை அடிக்கும்.

தாள்வாசம்

நான் ஆல்பம் வடிவமைக்கிறவள். பல ஊர் போட்டோகிராபர்களின் ஃபைல் என் கணினிக்கு வருகிறது, அதனால் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

பிக்சல் குறைகிறதே என்ற கவலை வேண்டாம். இப்போது எல்லோரும் கேட்பது 12-க்கு 36 அங்குல விரிப்பு. அதில் ஒரு பக்கம் 12-க்கு 18. ஆர்6 மார்க் 2 தருவது 6000-க்கு 4000 பிக்சல். 18 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 333 புள்ளி வருகிறது, அச்சுக்கு 300 போதும். ஒரே படத்தை 36 அங்குலத்துக்கும் இழுத்தால் 167-க்கு இறங்கும். ஆனால் உங்கள் 5டி மார்க் 4-லும் அது 187-தானே? ஆல்பத்தைக் கையில் வைத்துப் பார்க்கிற யாராலும் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபோகஸ் நழுவிய படத்தையோ எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நான் ஒதுக்கித் தள்ளும் படங்களில் பிக்சல் போதாமல் தள்ளியது ஒன்றுகூடக் கிடையாது. கண் கூர்மையாக இல்லாததால்தான் தள்ளுகிறேன்.

இரண்டாவது, ஃபைல் வகை. உங்கள் கேமரா ரா ஃபைலை சி.ஆர்.2 வகையில் எழுதுகிறது, புதியது சி.ஆர்.3 எழுதும். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய, படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் 6 இன்னும் பல ஸ்டூடியோவில் ஓடுகிறது. அது சி.ஆர்.3-ஐத் திறக்காது. மாதச் சந்தாவுக்குப் போக வேண்டும், பழைய கணினி அதற்குத் திணறும். கேமரா விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் தம்பி.

பழைய_ரீல்

அம்மா சொன்ன கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். பிக்சலை விட்டுவிடலாம்.

ஆனால் நான் பயப்படுவது அந்தக் கடைசி வரிக்குத்தான். பாடி இரண்டு லட்சத்தோடு நிற்காது. அடாப்டர், பேட்டரி, சந்தா, கணினி. அப்புறம் மிரர்லெஸ்ஸுக்கான புது மவுண்ட், ஆர்.எஃப். லென்ஸ் ஆசை வரும். அங்கே கேனன் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. மற்ற லென்ஸ் கம்பெனிகளான சிக்மா, டாம்ரானுக்கு 2024-ல் அனுமதி கொடுத்தார்கள், அதுவும் சின்ன சென்சார் லென்ஸுக்கு. சோனி ஆட்கள் டாம்ரான் 28-75 போட்டு மலிவாகச் சமாளிக்கிறார்கள். அந்த வழி உங்களுக்கு இல்லை.

இ.எம்.ஐ. மாதா மாதம் வரும். முகூர்த்தம் மாதா மாதம் வராது. ஆடியில் ஒன்றும் இல்லை, புரட்டாசியில் நிறையப் பேர் வைப்பதில்லை, மார்கழியில் இல்லை. இந்த கேமரா வந்ததால் ஒரு ஆர்டருக்கு எவ்வளவு கூடுதலாகக் கேட்க முடியும்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சின்ன ஊரில் இந்தத் தொழிலை விட்டுப் போனவர்கள் பலரை நான் அறிவேன். கடன்தான் அவர்களை வெளியே தள்ளியது.

வைகைக்கரை

நியாயமான கேள்வி. கேமராவுக்காக யாரும் கூடுதல் கொடுக்க மாட்டார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நான் மாறிய பிறகு படம் பொறுக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. அந்த நேரத்தில் ஆல்பம் சீக்கிரம் போகிறது, மீதிப் பணம் சீக்கிரம் வருகிறது. ரீல்ஸுக்குக் கேட்கும் சின்ன வீடியோவும் அதே பாடியில் முடிகிறது. 5டி மார்க் 4-ல் 4கே வைத்தால் படம் 1.64 மடங்கு வெட்டப்படும், 35 லென்ஸ் 57 மாதிரி ஆகிவிடும். ஆர்6 மார்க் 2-ல் முழு அகலத்தில் நொடிக்கு 60 ஃபிரேம் 4கே வருகிறது. அதைத் தனியாக விலை போட்டுக் கொடுக்கலாம்.

லென்ஸ் ஆசை வராமல் பார்த்துக்கொள்வது அவரவர் கையில். அந்த அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடியே கிடையாது, வெறும் இடைவெளியும் மின் தொடர்பும்தான். இ.எஃப். லென்ஸ் தரம் துளியும் குறையாது.

இன்னொன்று. 2020-ல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3-தான் கடைசி உயர்ரக டி.எஸ்.எல்.ஆர். என்று கேனன் தலைவரே 2021 கடைசியில் சொல்லிவிட்டார். 5டி மார்க் 5 வரப்போவதில்லை. பழைய பாடியின் மறுவிற்பனை விலை இனி இறங்கும், ஏறாது.

நெல்லைச்சீமை

சர்ச் கல்யாணமும் நிக்காஹும் எடுப்பவன் நான். மௌனமான இடத்தில் சத்தமில்லாத ஷட்டர் எவ்வளவு உதவி என்று எங்களைக் கேளுங்கள். கெட்டிமேளம் எல்லாக் கல்யாணத்திலும் கிடையாது அண்ணா.

பழைய_ரீல்

அதைச் சரியாகத்தான் சொன்னீர்கள். அவர் எடுப்பது எதை என்பதைப் பொறுத்தது.

குடந்தை_க்ளிக்

எல்லாவற்றையும் படித்தேன், வீட்டிலும் பேசினேன். ஜி.எஸ்.டி. பதிவு இருப்பதால் 18 சதவீத வரி எனக்குக் கழிவாகத் திரும்பிவிடும். அது போக மீதியில் கையிருப்பு பாதிக்கு மேல் தாங்கும். ஆர்6 மார்க் 2 ஒன்று வாங்குகிறேன். ஆர்.எஃப். லென்ஸ் எதுவும் இல்லை, அடாப்டர் மட்டும். கவுண்ட் குறைந்த 5டி மார்க் 4 இரண்டாவது பாடியாக இருக்கும். 85 புதியதில், 24-70 பழையதில். தாலிக்கு ஒற்றைப் புள்ளி, மண்டபத்துக்குள் மெக்கானிக்கல் ஷட்டர்.

கவுண்ட் நிறைந்த பாடியை விற்கலாம் என்று இருக்கிறேன்.

பழைய_ரீல்

நான் இன்னும் இதை ஏற்கவில்லை, கடன் எவ்வளவு சின்னதானாலும். வாங்குவது என்று தீர்மானித்துவிட்டீர்கள், சரி. அந்தப் பாடியை மட்டும் விற்காதீர்கள். இன்றைய விலைக்குக் கொடுத்து என்ன வரப்போகிறது? ஷட்டர் மாற்றி பையில் போட்டு வையுங்கள். முகூர்த்த நேரத்தில் புது கேமரா நின்றால் எடுத்து நீட்ட ஒன்று வேண்டும். லென்ஸும் பேட்டரியும் அதற்கும் பொருந்தும்.

வைகைக்கரை

இதில் அண்ணன் பக்கம் நான். விற்காதீர்கள்.

தாள்வாசம்

இரண்டு பாடியையும் சேர்த்து ஓட்டும்போது ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) இரண்டிலும் ஒரே கெல்வின் எண்ணில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒன்றில் பட்டுப்புடவை அரக்காகவும் இன்னொன்றில் ஆரஞ்சாகவும் வரும், பக்கத்துப் பக்கத்துப் படத்தில் அது தெரியும். கேமராக்களின் கடிகாரத்தையும் மண்டபத்துக்குப் போகும் முன் நிமிடம் நொடி வரை ஒன்றாக்கிவிடுங்கள். இல்லையென்றால் எனக்கு வரும்போது தாலி கட்டிய பிறகு காசி யாத்திரை போகும்.