யாழ்ப்பாணம் – மன்னார்: ஒரே பகலில், தனியாகச் சைக்கிளில்

பூநகரி வீதியால் மன்னாருக்கு ஒரே நாளில் போகலாமா என்று கேட்கிறவர்கள் தூரத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். தூரம் ஏறக்குறைய 115 கிலோமீற்றர். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பாதையில் மலை என்றால் அது காற்றுத்தான்.

பூநகரி தாண்டியபின் வீதி பெரும்பாலும் தெற்கும் தென்மேற்குமாகவே ஓடுகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசுகிற சோழகம் (தென்மேற்குக் காற்று) நேரே முகத்தில் அடிக்கும். சாமானோடு மணிக்கு 16 கிலோமீற்றர் ஓடுகிற சைக்கிள், பின்னேரச் சோழகத்துக்கு எதிரே 10க்கு இறங்கிவிடும். கணக்குப் பாருங்கள்: முழுத்தூரமும் 16இல் ஓடினால் ஏழேகால் மணித்தியாலம். பாதித்தூரம் 10இல் ஓடினால் ஒன்பதே கால் தாண்டும். ஓய்வுக்கு இரண்டரை மணித்தியாலம் சேர்த்தால், விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டவரும் மன்னாரைக் காண ஐந்து மணியாகிவிடும். இடையில் இரண்டு தடவை சில்லில் காற்றுப் போனால் இருட்டுத்தான்.

ஆகவே சோழக காலத்தில் சைக்கிளை மன்னாருக்கு ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓடுங்கள். தை கடைசி, மாசி என்றால் வாடைக்காற்று முதுகில் இருக்கும்; அப்போது இங்கிருந்து வெளிக்கிடுவதுதான் புத்தி. ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம், விட்டுவிடுங்கள்.

எந்தத் திசையானாலும் காலை பத்து மணிக்குமுன் பாதிவழி முடிய வேண்டும். நாவற்குழியில் திரும்பி, கேரதீவு, சங்குப்பிட்டி, பூநகரி, பல்லவராயன்கட்டு, நாச்சிக்குடா என்று போய் முழங்காவிலை எட்டினால் அதுதான் பாதி. பத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பும், வெயிலும் ஏறும்.

சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்படுமுன் அந்த இடத்தைப் பாதை எனப்படும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது தடையில்லை, ஆனால் பாலத்துக்கு இருபக்கமும் கடல்நீரேரி வெளி, காற்று பக்கவாட்டில் தள்ளும். பஸ்ஸோ ரிப்பரோ முந்துகிற நேரம் அது காற்றை மறைக்கும், சைக்கிள் வாகனத்தின் பக்கம் சாயும். வாகனம் போன கையோடு காற்று திரும்ப அடித்து மற்றப் பக்கம் எறியும். பின்னால் இரைச்சல் கேட்டதும் ஹாண்டிலின் கீழ்ப்பக்கமாகக் குனிந்து, முழங்கையை இளக்கி, வீதி ஓரத்திலிருந்து ஒரு முழமாவது உள்ளே நில்லுங்கள். விளிம்போடு ஒட்டி ஓடுவது பாதுகாப்பில்லை. தள்ளாடி என்ற இடம் தாண்டி, கடலுக்குக் குறுக்கே போகிற மன்னார்த் தாம்போதியிலும் இதே கதைதான், அதுவும் களைத்துப்போன நேரத்தில்.

மாசி, பங்குனியில் அறுவடை நெல்லை வீதியின் ஒரு பாதியில் காயப் போட்டிருப்பார்கள். அதற்கு மேலால் ஏற வேண்டாம். நெல்லும் பாழ், சில்லும் வழுக்கும்.

*

மேல எழுதின அண்ணை காற்றைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. சைக்கிள் பக்கத்தை நான் சொல்லிறன்.

எங்கட ஊர் 28 இஞ்சிச் சைக்கிளில கனபேர் பார்க்காமல் விடுறது வால்வ் ரியூப். வால்வ் கட்டையில மாட்டியிருக்கிற அந்த மெல்லிய ரப்பர் குழாய் வெயிலில வெடிச்சு, இல்லாட்டி இளகி ஒட்டிப்போய், காத்தை மெல்ல மெல்ல விடும். ரியூப் ஓட்டை எண்டு நினைச்சு ரயரைக் கழட்டி அரை மணித்தியாலம் வீணாகும். முதலில வால்வ் வாயில கொஞ்சம் எச்சில் தடவிப் பாருங்கோ. குமிழி வந்தால் அதுதான். முதல் நாள் இரவே புதுசு மாட்டி, ஒரு சாண் நீளத் துண்டு கையிலயும் வைச்சிருங்கோ.

மத்தியானம் சூட்டில ரியூப் வெடிக்கும் எண்டு காத்தைக் குறைக்கிறது பெரிய பிழை. காலமை 50 இறாத்தல் அடிச்ச ரயர், 20 பாகை கூடச் சூடேறினாலும் 54 அளவிலதான் நிக்கும். காத்துக் குறைஞ்ச ரயர் கல்லில விழேக்க ரியூப்பை றிம் கடிச்சு, பக்கத்தில பக்கத்தில இரண்டு ஓட்டை போடும். அப்பிடி இரண்டு ஓட்டை கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், காத்துத்தான் காணாது.

முள்ளெண்டால் நெருஞ்சி முள்ளும் உடை மரத்து முள்ளும்தான். கரையில மணல் ஒழுங்கைக்குள்ள இறக்கினால் நெருஞ்சி நாலைஞ்சு ஒண்டாய் ஏறும். ரயர் உட்பக்கத்தைப் பஞ்சாலயோ துணியாலயோ சுத்தித் தடவுங்கோ, முள்ளு நூலைப் பிடிச்சு இழுக்கும். அதை எடுக்காமல் புது ரியூப் போட்டால் அடுத்த கிலோமீற்றரில திரும்பவும் போகும். ஒட்டுப் போடுற வேலை நிழலுக்கு. வீதியில மாத்து ரியூப்பைப் போட்டுட்டு ஓடுங்கோ. சொலூசன் பூசினால் மினுக்கம் போகும் வரை விட்டுத்தான் ஒட்ட வேணும், வேர்வைக் கை அதில படக் கூடாது. வேர்வை பட்ட ஒட்டு பின்னேரம் கழரும்.

பாரமெல்லாம் பின் கரியரில எண்டால் பின் சில்லில செயின் பக்கத்துக் கம்பிதான் முதல் அறும். அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில சுத்திக் கட்டி, அதுக்கு இரண்டு பக்கமும் நிக்கிற மற்றக் கரைக் கம்பி இரண்டையும் அரைச் சுற்று இளக்கினால் றிம் பிரேக் கட்டையில உரசாது. மெதுவா அடுத்த ஊர்க் கடை வரை போகலாம். கம்பிச் சாவி ஒண்டு, அதே நீளத்தில மூண்டு கம்பி, சைக்கிள் பாரில ரேப்பால சுத்தி ஒட்டி வைச்சால் பாரமே தெரியாது.

*

மேலே எழுதிய இருவரும் தண்ணீர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பூநகரிக் கரையோரம் பல கிணறுகள் உவர். காணும் இடத்தில் நிரப்பலாம் என்று நம்பிப் போகாதீர்கள். மூன்று லீற்றர் கொள்ளும்படி போத்தல்கள் கட்டுங்கள். மணிக்கு அரை லீற்றர் முதல் முக்கால் லீற்றர் வரை, தாகம் எடுக்கும்வரை பொறுக்காமல், சிறிது சிறிதாக.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்பு ஐதாகிவிடும். தலையிடி, ஓங்காளம், தடுமாற்றம் வரும். வெயில் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடித்தால் கூடும். மூன்று போத்தலில் ஒன்றில் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) கரையுங்கள். ஒரு பைக்கற்றுக்குச் சரியாக ஒரு லீற்றர். அரை லீற்றரில் கரைத்தால் வயிறு ஏற்காது. சாப்பாட்டுக்கு இதரை வாழைப்பழம், எள்ளுருண்டை, பனங்கட்டி. முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு வாய். மத்தியானம் சோறு முழுக்கோப்பை சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், 11 முதல் 2 வரை நிழலில் படுப்பதானால் தாராளமாகச் சாப்பிடலாம்.

வெயிலுக்குள் உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தால், அல்லது கதை குழறினால், உடனே இறங்கி நிழலுக்குப் போய்ச் சேட்டை நனைத்து, காற்றுப்படக் கிடவுங்கள். தனியாகப் போகிறவர் அந்த நிலையில் "இன்னும் கொஞ்சத் தூரம்" என்று மிதிக்கவே கூடாது. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். எந்த ஊர் கடைசியாகத் தாண்டினீர்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் ஊர்ப்பெயர்களை வரிசையாக ஒரு துண்டில் எழுதி ஹாண்டிலில் ஒட்டுங்கள்.