ஓகிஃபினோக்கி சதுப்பு நிலத்தில், தண்ணீர் மேல் ஓர் இரவு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தென்கோடியில் உள்ள ஓகிஃபினோக்கி சதுப்பு நிலத்துக்குத் துடுப்புப் படகில் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பெரும்பாலான வழிகளில் இறங்கி நிற்கக் கரையே கிடையாது என்பதைத்தான். நிலமாகத் தெரிவதெல்லாம் பல அடி ஆழத்துக்கு மட்கிக் கிடக்கும் தாவரப் படிவு. காலை வைத்தால் ஆடும். அதனால்தான் தண்ணீருக்கு மேல் மரமேடைகள் அமைத்திருக்கிறார்கள். அனுமதிச் சீட்டில் குறித்த மேடையைப் பொழுது சாய்வதற்குள் அடைந்துவிட வேண்டும்; விடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். மேடையில் விறகுத் தீ மூட்டக் கூடாது.

நாங்கள் கிழக்கு வாயிலிலிருந்து புறப்பட்டோம். சதுப்பு நிலத்தை வடித்துவிடும் எண்ணத்தோடு 1891ஆம் ஆண்டு வெட்டத் தொடங்கி, பிறகு கைவிடப்பட்ட கால்வாய்தான் இன்று படகுப் பாதை. அதை விட்டு விலகி அல்லி படர்ந்த திறந்த வெளிக்குள் நுழைந்ததும் வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. சுவானி ஆறு இங்கேதான் பிறக்கிறது என்றாலும், படகைத் தள்ளிக்கொடுக்கும் அளவுக்கு நீரோட்டம் எங்கும் இல்லை, எதிர்க்காற்று வேறு. வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பித் தாமதமாகக் கிளம்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரவில் டார்ச் ஒளியைத் தண்ணீரின் மேல் ஓட்டியபோது, அலிகேட்டர் முதலைகளின் கண்கள் செந்நிறத்தில் மின்னின. மிச்ச உணவில் ஒரு பருக்கையைக்கூடத் தண்ணீரில் போடாமல் பையில் கட்டி வைத்தோம். மனிதரைக் கண்டால் உணவு கிடைக்கும் என்று பழகிய முதலைதான் உண்மையில் ஆபத்தானது.

வசந்த காலமாதலால், விடியற்காலையில் ஓர் ஆண் முதலை மேடைக்கு அருகிலேயே உறுமக் கேட்டோம். அது தலையையும் வாலையும் தூக்கி, உடலை நீருக்குள் சற்றே தாழ்த்தியது. ஓசை எழுவதற்கு முன்பே அதன் முதுகின் மேலிருந்த தண்ணீர் துளித்துளியாகத் துள்ளியது. நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வின் வேலை அது. அதற்குப் பிறகுதான் உறுமல் வந்தது, மேடைப் பலகை வழியாக உள்ளங்கையிலும் உணரும்படி. தொலைவிலிருந்து வேறொன்று பதில் கொடுத்தது.

திரும்பும் வழியில், மஞ்சள் பட்டைகள் கொண்ட முதலைக் குட்டிகள் சில அல்லி இலைகளின் மேல் கிடந்தன. போன கோடையில் பொரித்தவை. தாய் அருகிலேயே இருக்கும் என்று நாங்கள் துடுப்பை நிறுத்துவதற்குள், புல்திட்டின் ஓரத்திலிருந்து சீறல் கேட்டது. படகைத் திருப்ப இடமில்லாத அளவுக்குக் குறுகிய வழி. எழுந்து நிற்கவோ துடுப்பால் தண்ணீரை அடிக்கவோ செய்யாமல், வந்த வழியே பின்னோக்கித் துழாவிச் சென்று காத்திருந்தோம். தாய் குட்டிகளின் பக்கம் நீந்திப் போன பிறகு, எதிர் ஓரத்தை ஒட்டிக் கடந்தோம்.