புதுப்பிப்பு: தண்ணீர் ராக்கெட் கசிவு பிடிபட்டது

போன பதிவில் சொன்ன அதே ராக்கெட்தான்: 2 லிட்டர் சோடா பாட்டில், சைக்கிள் பம்பு, பிவிசி குழாய் ஏவுதளம். காற்றழுத்தம் 40 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) தாண்டினாலே அடியில் புஸ்ஸென்று காற்று இறங்கும். கிளம்பினாலும் தென்னை உயரம்தான்.

கசிவுக்குக் காரணம் ஓ-ரிங் (பாட்டில் வாயை இறுக்கும் ரப்பர் வளையம்) என்றுதான் நிறையப் பேர் சொன்னீர்கள். மாற்றியும் கசிந்தது. சோப்பு நுரை தடவியதும், பம்பு மாட்டும் டியூப் வால்வின் அடியில் பொடிக் கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பின. அங்கிருந்த ரப்பர் வாஷர் மதுரை வெயிலில் காய்ந்து கீறல் விட்டிருந்தது. கீழவாசல் சைக்கிள் கடை அண்ணன், "இதுக்குப் போயா இவ்வளவு நாள்?" என்று புதுசு போட்டுக் கொடுத்தார்.

உயரம் வராததற்குக் காரணம் வேறு. பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. தண்ணீர் கூடினால் அதைத் தள்ளும் காற்றுக்கு இடமில்லை. மூன்றில் ஒரு பங்காகக் குறைத்ததும் கண்மாய்க் கரைக் கருவேல மரங்களைத் தாண்டி விழுந்தது!

தண்ணீருக்குப் பதில் சீனியும் வெடியுப்பும் கலந்து எரிபொருளாக்கச் சொன்னவர்களுக்கு: மன்னிக்கவும், வேண்டாம். உரிமம் இல்லாமல் வெடிபொருள் செய்வது 1884 வெடிபொருள் சட்டப்படி குற்றம். தவிர, சுற்றிலும் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

அப்புறம், மேலே போனதும் குட்டிக்கரணம் அடிக்கிறது. மூக்கில் களிமண் வைத்து எடை கூட்டிப் பார்க்கப் போகிறேன்.