வீட்டுக்கு என்னென்ன கைக்கருவி வேணும்? பெட்டியா வாங்கலாமா, தனித்தனியாவா?

புதுக்குடித்தனம்:
வணக்கம். புது வீட்டுக்குக் குடிவந்திருக்கோம், கையில ஒரு கருவியும் இல்ல. நூத்துக்கும் மேல உருப்படி இருக்கிற டூல் கிட் ஒரே பெட்டியா வருதே, அதை எடுத்தா போதுமா? இல்ல தனித்தனியா வாங்கறது நல்லதா? நாங்களே செய்ய நினைக்கிறது இவ்வளவுதான்: ஸ்விட்ச் போர்டு மூடி இறுக்கறது, குழாய் கனெக்‌ஷன் ஹோஸ் மாத்தறது, கதவுக் கீல் சரிபண்றது, பிரிச்சு வர்ற கட்டில் மேசையைப் பூட்டறது, சுவத்துல படம் மாட்டறது. டிரில் மாதிரி மின்கருவி இப்போதைக்கு வேண்டாம். எந்தக் கருவி, எந்த அளவுன்னு சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

திருப்புளி:
பெட்டி வேண்டாங்க. அந்த எண்ணிக்கையில பெரும்பகுதி சின்னச் சின்ன பிட்டும் சாக்கெட்டும்தான். அடிக்கடி கைக்கு வர்ற நாலஞ்சு கருவிதான் நல்ல இரும்புல இருக்கணும், மலிவுப் பெட்டியில அதுதான் மட்டமா இருக்கும்.

முதல்ல ஸ்க்ரூடிரைவர். ஸ்டார் முனையில (பிளஸ் வடிவம், பிலிப்ஸ்னும் பி.எச்.னும் சொல்வாங்க) மூணு அளவு வாங்குங்க. பி.எச். 2 தான் கீல், கைப்பிடி, போர்டு மூடின்னு பாதி வேலைக்கு வரும். பி.எச். 1 பிளக் மாதிரி சின்னதுக்கு. பி.எச். 0 ரிமோட், பொம்மை பேட்டரி மூடிக்கு. தட்டை முனையில 3 மி.மீ., 6 மி.மீ. ரெண்டும் போதும். ஆக மொத்தம் அஞ்சு.

ஸ்க்ரூ தலை தேஞ்சு வழுக்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் முனை அளவு தப்பா இருக்கறதுதான். பி.எச். 2 தலையில பி.எச். 1 முனையை வச்சா உள்ள போய் உக்காரும், ஆனா நடுக்குழியில மட்டும்தான் படும். நாலு சிறகும் பள்ளத்தோட சுவர்ல முழுசா ஒட்டாது. திருப்பினதும் முனை மேல ஏறி விளிம்பைச் சீவிடும். முனையை வச்சுட்டு கைப்பிடியை லேசா ஆட்டிப் பாருங்க. கடகடன்னு ஆடினா அளவு சின்னது, அடுத்ததை எடுங்க. பிளஸ் கோட்டுக்கு நடுநடுவே இன்னும் நாலு மெல்லிய கோடு கீறியிருந்தா அது போஸிடிரைவ், அதுக்கு பி.இசட். 2 வேணும். பார்க்க ஸ்டார் மாதிரியே இருக்கறதால நிறைய பேர் இதுலதான் ஏமாறுவாங்க. கட்டில், அலமாரி கூட வர்ற ஸ்க்ரூவுல இது அடிக்கடி இருக்கும்.

இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழட்டும்போது, கையோட பலத்துல பத்துக்கு ஏழு பங்கு உள்நோக்கி அழுத்தறதுக்கு, மூணு பங்கு திருப்பறதுக்கு. தலை கொஞ்சம் தேஞ்சிருந்தா அகலமான ரப்பர் பேண்டை நடுவுல வச்சு அழுத்தித் திருப்பிப் பாருங்க.

கீல் ஸ்க்ரூ சும்மா சுத்திக்கிட்டே இருந்தா பிடிமானம் மரத்துல போயிடுச்சுன்னு அர்த்தம், எந்த ஸ்க்ரூடிரைவரும் உதவாது. தீக்குச்சி மருந்தைக் கிள்ளிட்டு, ரெண்டு மூணு குச்சியில மரப் பசை தடவி ஓட்டைக்குள்ள நெருக்கமா இறக்குங்க. ஒரு ராத்திரி காயவிட்டு, வெளிய நீட்டறதை வெட்டிட்டு அதே ஸ்க்ரூவைப் போடுங்க. பெரிய ஸ்க்ரூவா மாத்தினா தலை கீலோட குழிக்குள்ள அடங்காம துருத்தி நிக்கும், கதவு மூடாது.

மத்தபடி ஆலன் கீ (ஆறுமூலைக் குழி ஸ்க்ரூவுக்கான எல் வடிவச் சாவி) செட் ஒண்ணு (1.5 முதல் 10 மி.மீ.), 8 இன்ச் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், கட்டிங் பிளையர், சுத்தியல், 5 மீட்டர் டேப். ஆலன் கீ மி.மீ. அளவுதானான்னு பார்த்து எடுங்க. இன்ச் அளவு 3/16 சாவி 4.76 மி.மீ. அது 5 மி.மீ. குழியில போகும், ஆனா இறுக்கும்போது மூலையை உருட்டிடும்.

குழாய்மரை:
எல்லாம் சரி, ஸ்பேனர்ல மட்டும் மாறுபடறேன். குழாய் வேலையும் செய்யணும்னா 10 இன்ச் எடுங்க. அரை இன்ச் ஹோஸ் நட்டு பல நேரம் 24 மி.மீ. அளவுல வரும். 8 இன்ச் ஸ்பேனரோட வாய் அந்த அளவுலயே முடிஞ்சிடும். வாங்கறதுக்கு முன்னாடி வாயை முழுசாத் திறந்து பாருங்க, 30 மி.மீ. பக்கம் வரணும். அப்புறம் நகரும் தாடையை விரலால அசைச்சுப் பாருங்க. மேலும் கீழும் ஆட்டம் அதிகமா இருந்தா நட்டு மூலையைத் தின்னுடும், வேற எடுங்க.

பிடிக்கற முறையும் முக்கியம். வாயை நட்டோட பக்கத்துக்கு இறுக்கமா ஒட்டவச்சு, நகரும் தாடை இருக்கிற பக்கம் நோக்கித் திருப்புங்க. அப்பதான் பாரம் அசையாத தாடையில விழும். திருப்பிப் பிடிச்சா பாரம் முழுக்க திருகு சக்கரத்துல போய் வாய் தானா விரியும்.

ஹோஸ் மாத்த:
1. ஆங்கிள் வால்வை (சுவத்துல ஹோஸ் மாட்டியிருக்கிற சின்ன வால்வு) மூடிட்டு குழாயைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிங்க. வால்வு முழுசா மூடலைன்னா மேல்தொட்டி வால்வை மூடணும்.
2. ஒரு கையால வால்வு உடலை அசையாம பிடிச்சுக்கிட்டு மறுகையால நட்டைத் திருப்புங்க. வெறும் நட்டை மட்டும் பலமா திருகினா வால்வும் சேர்ந்து சுத்தி, சுவத்துக்குள்ள இருக்கிற மரையில கசிவு வந்துடும். அப்புறம் சுவத்தை உடைக்கற வேலை.
3. புது ஹோஸ் நட்டுக்குள்ள ரப்பர் வாஷர் நேரா உக்கார்ந்திருக்கான்னு பாருங்க. கையால இறுகற வரைக்கும் இறுக்கி, பிறகு ஸ்பேனரால கால் சுத்து, மிஞ்சினா அரைச் சுத்து. அதுக்கு மேல போனா வாஷர் நசுங்கிக் கிழிஞ்சு அதுவே கசியும்.

இந்த நட்டுல டெஃப்லான் டேப் சுத்தாதீங்க. இங்க தண்ணியை நிறுத்தறது வாஷர், மரை இல்ல. சுவத்துல இறங்கற குழாய் மரைக்குத்தான் டேப். மரை முனை உங்களைப் பார்த்திருக்கும்போது கடிகாரம் சுத்தற பக்கமா, இழுத்துப் பிடிச்சு சுத்தணும். மெல்லிய டேப்னா 6 முதல் 10 சுத்து. முதல் மரையை விட்டுட்டு ஆரம்பிங்க, இல்லைன்னா நூலா பிரிஞ்சு குழாய்க்குள்ள போகும். இறுக்கின பிறகு குழாய் வாய் நேரா நிக்கலைன்னு பின்னால திருப்பினா கசியும். கழட்டி, பழைய டேப்பை எடுத்துட்டு, புதுசா சுத்தறது ஒண்ணுதான் வழி.

பட்டியல்ல விட்டுப்போனது இன்னொண்ணு: பிளஞ்சர், அதாவது அடைப்பைக் குத்தி எடுக்கற ரப்பர் கப்பு. சிங்க்குக்கு அடி தட்டையா இருக்கறது. அதன் ரப்பர் மூழ்கற அளவு தண்ணி நிக்கணும், வாஷ் பேசின்ல மேல இருக்கிற வழிதுளையை ஈரத்துணியால அடைச்சுக்கணும். அதை அடைக்காம எத்தனை தடவை குத்தினாலும் அழுத்தம் அந்த ஓட்டை வழியாவே போயிடும்.

கரன்ட்பெட்டி:
போர்டு வேலைன்னு பார்த்ததும் எழுதறேன். கரன்ட் இருக்கான்னு விளக்கு எரிஞ்சு காட்டற டெஸ்டர் வாங்குங்க, ஆனா அதை ஸ்க்ரூடிரைவரா பயன்படுத்தாதீங்க. தண்டு மெலிசு, பலம் கொடுத்தா கைப்பிடி விரிசல் விடும். விரிசல் விட்ட டெஸ்டர், ஈரமான டெஸ்டர் ரெண்டையும் தூக்கிப் போட்டுடுங்க. உங்களுக்கும் கரன்ட்டுக்கும் நடுவுல இருக்கறது டெஸ்டருக்குள்ள கரன்ட்டைக் குறைக்கற ரெசிஸ்டர் மட்டும்தான்.

டெஸ்டர் எரியலைன்னா கரன்ட் இல்லைன்னு முடிவு பண்ணிடக் கூடாது. ரப்பர் செருப்போட மர ஸ்டூல் மேல நின்னா மங்கலாத்தான் எரியும், பகல் வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது. எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில இருக்கிற, கரன்ட்டைத் துண்டிக்கற ஸ்விட்ச்) இறக்கறதுக்கு முன்னாடி, கரன்ட் இருக்கறது உறுதியா தெரிஞ்ச இன்னொரு பாயின்ட்ல டெஸ்டர் எரியுதான்னு பாருங்க. பிறகு வேலை செய்யப்போற இடத்தோட எம்.சி.பி.யை இறக்கிட்டு அங்க எல்லா முனையிலயும் வைங்க, நியூட்ரலும் சேர்த்து. எங்கேயோ நியூட்ரல் அறுந்திருந்தா அதுலயும் கரன்ட் வரும். கடைசியா மறுபடியும் அந்த உயிரோட இருக்கிற பாயின்ட்ல வச்சு, டெஸ்டர் இன்னும் நல்லா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.

பிளையர் 8 இன்ச். கைப்பிடியில சிவப்போ மஞ்சளோ உறை இருந்தா அது இன்சுலேட்டட் ஆயிடாது, வெறும் பிடிமானத்துக்கான உறையாவும் இருக்கலாம். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட்டுன்னும் அச்சிட்டிருக்கணும். இருந்தாலும் மெயினை இறக்காம தொடாதீங்க. பிளையரால நட்டைத் திருகாதீங்க, ஆறு மூலையும் உருண்டுபோய் பிறகு ஸ்பேனரும் பிடிக்காது.

புதுக்குடித்தனம்:
எல்லாருக்கும் நன்றி. படம் மாட்ட சுத்தியல் எந்த எடை? இன்னொரு சந்தேகம்: வீட்ல இருக்கிற டேப்போட முனைக் கொக்கி லொடலொடன்னு ஆடுது. தட்டி இறுக்கிடலாமா, புதுசு வாங்கணுமா?

திருப்புளி:
தட்டிடாதீங்க! அது ஆடணும்னே செஞ்சது. கொக்கியோட தகடு கிட்டத்தட்ட 1 மி.மீ. தடிமன். மேசை விளிம்புல மாட்டி இழுத்து அளக்கும்போது அளவு கொக்கியோட உள்பக்கத்துல ஆரம்பிக்குது. அலமாரிக்குள்ள சுவத்துல முட்டவச்சு அளக்கும்போது வெளிப்பக்கத்துல ஆரம்பிக்குது. ரெண்டுக்கும் நடுவுல அந்தத் தகட்டோட தடிமன் வித்தியாசம் இருக்கே, அதே அளவுதான் கொக்கி முன்னும் பின்னும் நகருது. ரிவெட்டை அடிச்சு இறுக்கினா ரெண்டுல ஒரு அளவு எப்பவும் தப்பா வரும். டேப்பை விர்ருனு சுருளவிட்டுக் கொக்கியை மோதவிட்டா அது வளைஞ்சிடும். கடைசி ஒரு அடியை விரலால பிடிச்சு மெதுவா உள்ள விடுங்க.

சுத்தியல் 450 கிராம், பின்பக்கம் ஆணி பிடுங்கற பிளவு இருக்கறது. கான்கிரீட் ஆணி கடினமான எஃகு, வளையாது, ஆனா சாய்ச்சு அடிச்சா ஒடிஞ்சு தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஆணியை விரலால பிடிக்காம பிளையரால பிடிச்சுக்கோங்க. பிடுங்கும்போது சுத்தியல் தலைக்கு அடியில ஒரு பலகைத் துண்டு வச்சா சுவர் பெயராது.

கரன்ட்பெட்டி:
ஆணி அடிக்கற இடத்தையும் பாருங்க. ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயின்ட், சுவர் விளக்கு இதுக்கெல்லாம் நேர் மேலயும் நேர் கீழயும், பக்கவாட்டுல அதே மட்டத்துலயும் அடிக்காதீங்க. வயர் குழாய் பெரும்பாலும் அந்த நேர்க்கோட்டுலதான் ஓடும்.

குழாய்மரை:
அதே மாதிரி தண்ணிக் குழாய்க்கும். குளியலறைச் சுவத்தோட மறுபக்கத்துல படம் மாட்டறதா இருந்தா, அந்தப் பக்கம் ஷவரும் குழாயும் எங்க இருக்குன்னு டேப்பால அளந்து இந்தப் பக்கம் பென்சில்ல குறிச்சுட்டு, அந்தக் கோட்டை விட்டு ஒரு அடியாவது தள்ளி அடிங்க. டேப்போட கொக்கி ஏற்கனவே வளைஞ்சிருந்தா 10 செ.மீ. கோட்டுல இருந்து அளந்து, வர்ற அளவுல 10 செ.மீ. கழிச்சுக்கோங்க.